லண்டன் குளிரில் பாம்புகளுக்கு வெயில் கொடுத்த பெண்

லூயிஷாமில் இருக்கும் எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இரண்டு இடங்கள் உண்டு. கிட்ட இருப்பது ஃபொரஸ்ட் ஹில்லில் உள்ள ஹோர்னிமன் நூதனசாலை. 185ஆம் இலக்க பஸ் ஏறினால் வாசலடியில் இறங்கலாம். தூர இருப்பது ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச்சாலை. லூயிஷாமில் ரயில் எடுத்து லண்டன் பிரிட்ஜ், அங்கிருந்து பாதாள ரயிலில் கம்டன் ரவுண், பிறகு நடை. சாப்பாட்டுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக இந்த இரண்டு பயணங்களையும் எத்தனையோ தரம் செய்திருக்கிறோம்.

ஹோர்னிமனில் பிள்ளைகள் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது ஒரு வோல்ரஸை. வடதுருவக் கடலில் வாழும், நீண்ட தந்தம் உள்ள பெரிய விலங்கு அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் தோல் கனடாவிலிருந்து லண்டனுக்கு வந்தது. பாடம் செய்தவர்கள் உயிருள்ள வோல்ரஸைக் கண்டதே இல்லை. அதன் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் என்பது தெரியாமல், சுருக்கம் எல்லாம் மறையும்வரை உள்ளே அடைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அது காற்றடித்த பலூன் போல உப்பிப்போய் இருக்கிறது.

பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், தூர தேசத்து உயிர்களை இந்த நகரம் ஒரு காலத்தில் எப்படிப் பார்த்தது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. உயிரோடு கண்டதில்லை, அதன் வாழ்க்கை தெரியாது, ஆனாலும் காட்சிக்கு வைத்தாயிற்று.

இந்தப் பார்வையை மாற்றியவர்களில் ஒருவர் ஜோன் பீச்சம் ப்ரொக்டர். வெப்ப நாடுகளின் பாம்புகளையும் பல்லிகளையும் ஆமைகளையும் லண்டன் குளிரில் நலமாக வைத்திருப்பது எப்படி என்று செய்து காட்டிய பெண். 34 வயதில் இறந்துபோனார். ஒரு காலத்தில் இங்கும் அமெரிக்காவிலும் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதித் தள்ளின. இன்று எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

ஜோன் 1897 ஓகஸ்ட் 5ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை பங்குச்சந்தைத் தரகர். தாய் ஓவியம் வரைபவர். அக்கா கிறிஸ்டபெல் பிற்காலத்தில் தோட்டக்கலையில் பெயர் எடுத்தார். வசதியும் படிப்பும் உள்ள வீடு. அந்த வீட்டில் பத்து வயதுச் சிறுமிக்குப் பாம்பு, பல்லி என்றால் உயிர். டல்மேஷியா நாட்டுப் பச்சைப் பல்லி ஒன்றை வளர்த்தார். சாப்பாட்டு மேசையிலும் அது கூட இருக்கும், வெளியூருக்குப் போனாலும் கூடப் போகும்.

எங்கள் ஊரில் பாம்போடு எங்களுக்கு இருந்த உறவு இரண்டு விதமானது. நாகதம்பிரான் கோயிலில் கண்டால் கும்பிடுவோம். முற்றத்தில் கண்டால் தடி தேடுவோம். பக்கத்தில் நின்று, அது என்ன செய்கிறது, என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. ஜோன் சிறு வயதிலேயே அந்த மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டார்.

16 வயதில் அவருக்கு ஒரு முதலைக் குட்டி கிடைத்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனார். புனித பவுல் பெண்கள் பாடசாலையில் கணித வகுப்புக்குள் முதலையோடு போய் உட்கார்ந்த மாணவி என்ற கதை அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது. கேட்கப் பகிடியாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் மறுபக்கம் பகிடி அல்ல. சிறு வயதிலிருந்தே அவருக்குக் குடல் நோய் இருந்தது. வலி வரும், படுக்கையில் கிடப்பார், பாடம் தவறும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடிய கெட்டிக்காரி. உடம்பு இடம் கொடுக்காததால் போகவில்லை.

அந்த இடத்தில் அவரைக் கைதூக்கி விட்டவர் ஜோர்ஜ் அல்பேர்ட் பூலாஞ்சே. பெல்ஜியத்தில் பிறந்தவர். சவுத் கென்சிங்டனில் உள்ள பிரித்தானிய இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஊர்வன, மீன் பகுதிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். இந்தப் பெயரை நாங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் வகைப்படுத்தி 1890இல் வந்த பெரிய நூல் அவருடையது. அதற்குப் பிறகு 1893 முதல் 1896 வரை, நூதனசாலையில் இருந்த பாம்புகளுக்கு மூன்று பாகங்களில் அட்டவணை எழுதினார். பாம்புகளை அவற்றின் பல்லை வைத்தும் பிரித்தார். விஷப்பல் இல்லாதவை, விஷப்பல் முன்னால் உள்ளவை, விஷப்பல் பின்னால் உள்ளவை என்று.

பின்னால் பல் உள்ளவை எவை என்று கேட்டால், எங்கள் வேலிகளில் கிடந்த பச்சைப் பாம்பையே சொல்லலாம். கண்கொத்திப் பாம்பு என்று சொல்லி எங்களைப் பயமுறுத்தி வளர்த்தார்களே, அதுதான். கிளுவை வேலியிலும் பூவரசங் கிளையிலும் கொடி போல அசையாமல் கிடக்கும். குனிந்தால் கண்ணைக் கொத்தும் என்பார்கள். சிங்களத்திலும் அதே பயம்தான். கண்ணைப் பிடுங்குவது என்று பொருள்படும் அந்தச் சிங்களப் பெயரே அகேட்டுல்லா என்று அதன் விஞ்ஞானப் பெயராகவும் ஆகிவிட்டது. உண்மையில் அது ஓணானையும் பல்லியையும் தவளையையும் தேடும் பாம்பு. அதன் கண்மணி படுக்கைவாட்டில் ஒரு கோடு போல இருக்கும். மூக்கின் இரு பக்கமும் பள்ளம் இருப்பதால் இரண்டு கண்ணாலும் நேர் முன்னே பார்த்துத் தூரத்தை மட்டுக்கட்டும். முட்டை இடாமல் குட்டி போடும். அதன் விஷப்பல் மேல்வாயின் பின்பக்கத்தில், பள்ளம் விழுந்த பல்லாக இருக்கிறது. கடித்த மாத்திரத்தில் விஷம் பாயாது. இரையை வாய்க்குள் பிடித்து மென்றால்தான் விஷம் இறங்கும். மனிதருக்கு வீக்கமும் நோவும் வரலாம், அவ்வளவுதான். ஒருவர் எதையும் விடாமல் கவனித்துக்கொண்டிருந்தால் அவர் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறார் என்று சொல்கிறோம். பாம்பின் பார்வைக்கு எங்கள் மொழி கொடுத்த மரியாதை அது. பாம்புக்கு நாங்கள் கொடுத்தது தடியடி.

பூலாஞ்சேயிடம் ஜோன் உதவியாளராகச் சேர்ந்தார். நூதனசாலை வேலை என்றால் போத்தல்களில் மதுசாரத்தில் கிடக்கும் செத்த பாம்புகளின் செதில் எண்ணுவது, பல் பார்ப்பது, எழுதிவைப்பது. தென்னமெரிக்காவின் விரியன் வகை ஒன்றைப் பற்றி 19 வயதில் விலங்கியல் சங்கத்தில் கட்டுரை படித்தார். கிழக்கு ஆபிரிக்காவில் தட்டை போல மெலிந்து, ஓடு வளையும் ஆமை ஒன்று இருக்கிறது. பகை வந்தால் பாறை இடுக்குக்குள் புகுந்துவிடும். அதன் ஓடு ஏன் அப்படி மெல்லியதாக இருக்கிறது என்பதை எலும்பு எலும்பாக ஆராய்ந்து 1922இல் அவர் எழுதிய கட்டுரை அறிஞர்களிடம் பெயர் வாங்கிக் கொடுத்தது. இதற்கிடையில் 1920இல் பூலாஞ்சே ஓய்வு பெற்றார். பாம்புகளை விட்டுவிட்டு, பெல்ஜியத்துக்குப் போய் ரோசாச் செடிகளை ஆராயத் தொடங்கினார். அவர் விட்டுப்போன ஊர்வனப் பகுதியை 23 வயது ஜோன் பொறுப்பெடுத்தார். பட்டம் இல்லை, பல்கலைக்கழகம் போகவில்லை. ஆனால் வேலை தெரியும்.

ஆனாலும் ஜோனின் மனம் போத்தலில் கிடந்தவற்றில் இல்லை, உயிரோடு இருந்தவற்றில்தான் இருந்தது.

ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் 1849இலேயே ஊர்வனவற்றுக்கென்று ஒரு கட்டடம் திறந்திருந்தார்கள். உலகில் அதுதான் முதலாவது. அங்கே எங்கள் பக்கத்து நாகபாம்புகளும் இருந்தன. 1852இல் ஒரு நாள் காலை, குடித்துவிட்டு வேலைக்கு வந்த காவலாளி ஒருவர் நாகத்தைக் கையில் எடுத்து வேடிக்கை காட்டினார். அது மூக்கில் கொத்தியது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் பயனில்லை, அன்றே இறந்தார். பயமும் வீறாப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டுக்கும் காரணம் அறியாமை. வேலைக்காரருக்கு ஆபத்து என்றால் பாம்புகளுக்கும் அங்கே நல்ல காலம் இல்லை. குளிரிலும் இருட்டிலும் சாப்பிடாமல் சாவது கூண்டுப் பாம்புகளின் பொதுவான விதியாக இருந்தது.

1923இல் அந்தப் பகுதியின் பொறுப்பாளராக ஜோன் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு 25 வயது. ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் பிரித்தானியாவில் 30 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்கு என்பது 1928இல்தான் வந்தது. வாக்குப் போட முடியாத ஒரு பெண், லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் முதலைக்கும் நாகத்துக்கும் மலைப்பாம்புக்கும் பொறுப்பாக நின்றார். பத்திரிகைகளுக்கு இது நல்ல தீனி. மெலிந்த இளம் பெண்ணும் பெரிய பாம்பும் என்று படம் போட்டு எழுதின. அவரோ வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவருடைய மிகப் பெரிய வேலை 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லம். கட்டடக் கலைஞர் கை டோபர் வரைபடம் போட்டார். உள்ளே என்ன வேண்டும், எப்படி வேண்டும் என்று தீர்மானித்தவர் ஜோன். அந்தக் கட்டடத்தில் அவர் செய்த மூன்று காரியங்களை நாங்கள் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் குளிர் நாட்டுக்கு வந்த வெப்ப நாட்டுக்காரராகிய எங்களுக்கு அவை நன்றாக விளங்கும்.

முதலாவது சூடு. பாம்புக்கும் பல்லிக்கும் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளியே உள்ள சூட்டை எடுத்துத்தான் உணவு செமிக்க வேண்டும், அசைய வேண்டும், நோயை எதிர்க்க வேண்டும். குளிர்ந்தால் வயிற்றில் உள்ள இரை அப்படியே அழுகிவிடும். அதற்காக மண்டபம் முழுவதையும் ஒரே மாதிரிச் சூடாக்கினால் போதாது. பாலைவனத்துப் பாம்புக்கு வேண்டிய சூடு வேறு, மழைக்காட்டு மரப்பாம்புக்கு வேண்டிய சூடு வேறு. ஜோன் கூண்டுக்குக் கூண்டு தனித்தனியாக மின்சாரத்தால் சூடு கொடுக்க ஏற்பாடு செய்தார். நடுவறையில் ஹீற்றரைப் போட்டுவிட்டு வீடு முழுவதும் காயும் என்று காத்திருந்த எங்கள் முதல் மாரிகாலம் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது வெளிச்சம். பார்க்க வரும் சனம் நிற்கும் இடம் மங்கலாக இருக்கும். கூண்டுக்குள் மட்டும் வெளிச்சம் விழும். மீன்காட்சிச்சாலையில் செய்யும் அதே முறைதான். கண்ணாடியில் எங்கள் முகம் தெரியாது, உள்ளே இருக்கும் உயிர்தான் தெரியும். கூண்டுகளின் உள்ளே பாறை, மணல், மரக்கிளை, பின்னால் வரைந்த காட்சி என்று அந்தந்த நாட்டின் நிலத்தை அமைத்தார். தாயிடமிருந்து வந்த ஓவியக் கை அங்கே உதவியது.

மூன்றாவது வெயில். இதுதான் எங்களை மிகவும் தொட்டது. பிள்ளைகளுக்கு எலும்பு வளையும் கணை நோயைப் புறஊதாக்கதிர் விளக்கால் மாற்றலாம் என்று பெர்லினில் ஒரு வைத்தியர் 1919இல் கண்டிருந்தார். பல்லிக்கும் ஆமைக்கும் கூட அந்தக் கதிர் படாவிட்டால் எலும்பு மெலிந்து வளையும். சாதாரண யன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், ஆனால் உடம்பில் விற்றமின் டி உண்டாக்கும் கதிரை மறித்துவிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் விழுவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நாங்கள் நினைப்போம், உள்ளே இருக்கும் பிராணியின் எலும்போ மெல்ல மெல்லக் கரையும். அந்தக் கதிரை உள்ளே விடும் ஒரு புதுவகைக் கண்ணாடி அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. ஜோன் அதைக் கட்டடத்தில் பயன்படுத்தினார்.

இதை வாசித்தபோது எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை நினைத்துக்கொண்டோம். லூயிஷாமில் எத்தனை அம்மாமார், அம்மம்மாமார் கால் நோவு, இடுப்பு நோவு என்று குடும்ப வைத்தியரிடம் போய், இரத்தம் பார்த்து, விற்றமின் டி குளிசையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் அந்தக் குளிசையை எடுப்பது நல்லது என்று இந்நாட்டுச் சுகாதார சேவை சொல்கிறது. யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு வெயில் காய்ந்தால் போதும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். எங்களுக்குப் பிந்தித் தெரிந்த விஷயத்தை இந்தப் பெண் ஓர் ஆமைக்காக 1927இல் யோசித்திருக்கிறார்.

மரப்பாம்புகளை வைத்திருப்பது இன்றைக்கும் லேசான வேலை இல்லை. தரையில் கிடக்கும் மலைப்பாம்பு போல அல்ல அவை. உயரம் வேண்டும், பிடித்துப் படர மெல்லிய கிளை வேண்டும், ஒளிய இலை வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரைச் சிலது திரும்பியும் பார்க்காது. இலையில் தண்ணீர் தெளித்தால்தான் துளி துளியாகக் குடிக்கும். பச்சைப் பாம்பு போன்றவை எலியைத் தொடாமல் பட்டினி கிடக்கும், பல்லிதான் வேண்டும். கண்ணாடி என்பது அவற்றுக்கு விளங்காது. வெளியே போகலாம் என்று நினைத்து முட்டி முட்டிக் கூர்மையான மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். இவ்வளவும் சரியாக அமைந்து, பயம் போய், உடம்பு தேறினால்தான் அவை குட்டி போடும் அல்லது முட்டை இடும். கூண்டில் ஒரு பாம்பு இனப்பெருக்கம் செய்தால், அதற்கு வேண்டியதை வளர்ப்பவர் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் நாடு என்ற ஜோனின் எண்ணமே இதற்கெல்லாம் அத்திவாரம்.

புதிய இல்லம் திறந்த அதே 1927இல் கொமோடோ தீவுப் பக்கமிருந்து இரண்டு பெரிய உடும்புகள் உயிரோடு லண்டன் வந்தன. உலகின் மிகப் பெரிய பல்லியினம். 1912இல்தான் விஞ்ஞானம் அதற்குப் பெயரே வைத்திருந்தது. மனிதரைக் கிழிக்கும் பூதம் என்று கதைகள் உலவின. சும்பா, சும்பாவா என்று அவற்றுக்குப் பெயர். ஜோன் அவற்றோடு பழகினார். எப்போது பசி, எப்போது கோபம், எங்கே தொட்டால் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து அறிந்தார். 1928 ஒக்டோபர் 23ஆம் திகதி விலங்கியல் சங்கத்தின் கூட்டத்துக்கு சும்பாவாவைக் கூட்டிக்கொண்டே போனார். அறிஞர்கள் பார்த்திருக்க, கோழியும் முட்டையும் புறாவும் தன் கையால் ஊட்டினார். அது சாப்பிட்டது, அவர் அதைத் தடவிக்கொண்டு நின்றார்.

இதை வித்தை என்று எடுக்கக் கூடாது. அந்த உடும்பு நினைத்தால் ஆளைக் கொல்லும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அதை எழுதியும் இருக்கிறார். 1852இன் குடிகாரக் காவலாளிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் துணிவு அல்ல. அவர் பாம்பை அறியாமல் தொட்டார், இவர் உடும்பை அறிந்து தொட்டார். நோய் வந்த பாம்புக்கும் முதலைக்கும் அவரே வைத்தியம் பார்த்தார்.

இவ்வளவும் ஓர் ஆரோக்கியமான பெண்ணின் கதை அல்ல என்பதை மறக்கக் கூடாது. குடல் நோய் அவரை விடவில்லை. சத்திர சிகிச்சைகள் பல நடந்தன. வலியோடுதான் கட்டடம் கட்டினார், வலியோடுதான் கட்டுரை எழுதினார். கடைசி வருடங்களில் நடக்க முடியாமல் போனபோது மின்சாரத்தால் ஓடும் சக்கர நாற்காலியில் மிருகக்காட்சிச்சாலையைச் சுற்றி வந்தார். பக்கத்தில் நாய்க்குட்டி போல சும்பாவா வரும். 1931இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. கேம்பிரிட்ஜுக்குப் போக முடியாத பிள்ளைக்கு இன்னொரு கண்டத்திலிருந்து பட்டம் தேடி வந்தது. அதே வருடம் செப்ரெம்பர் 20ஆம் திகதி அவர் இறந்தார். இலங்கையில் ஆணும் பெண்ணும் முதன்முதல் சர்வசன வாக்குரிமையோடு வாக்களித்த வருடமும் அதுதான்.

அவருக்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 1939இல் யுத்தம் தொடங்கியபோது, குண்டு விழுந்து கண்ணாடி உடைந்தால் ஆபத்து என்று அந்த மிருகக்காட்சிச்சாலையின் விஷப் பாம்புகளைக் கொன்றுவிட்டார்கள். ஜோன் உயிரோடு இருந்திருந்தால் அந்த நாளை எப்படித் தாங்கியிருப்பாரோ. யுத்தத்தில் முதலில் யார் எவர் சாவார் என்பது எங்களுக்கும் தெரியாத கதை அல்ல. கட்டடம் தப்பியது. ஹரி பொட்டர் முதலாவது படத்தில் பையன் மலைப்பாம்போடு கதைக்கும் காட்சி அங்கேதான் எடுக்கப்பட்டது. 2024இல் ஊர்வனவற்றுக்குப் புதிய இடம் திறந்தார்கள். ஜோனின் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக நிற்கிறது.

பின்பல் பாம்புகளைப் பற்றிய ஒரு பாடம் அவர் இறந்த பிறகுதான் உலகுக்குச் சரியாக உறைத்தது. 1957 செப்ரெம்பரில் சிகாகோ மிருகக்காட்சிச்சாலை ஒரு சிறிய பாம்பை அடையாளம் காண்பதற்காகக் கார்ல் ஷ்மிட் என்ற பேரறிஞரிடம் அனுப்பியது. அது பூம்ஸ்லாங் என்ற ஆபிரிக்க மரப்பாம்பு. பிடித்தபோது அவர் பெருவிரலில் கடித்தது. ஒரு பல் மட்டும்தான் இறங்கியது. பின்பல் பாம்புதானே, குட்டிதானே என்று வைத்தியசாலைக்குப் போகாமல், தன் உடம்பில் நடப்பதைக் குறிப்பு எழுதிக்கொண்டு இருந்தார். வாயில் இரத்தம், சிறுநீரில் இரத்தம். மறுநாள் காலை கொஞ்சம் சுகம் போல இருந்தது. பின்னேரம் இறந்துவிட்டார். ஜேர்மனியின் ரொபேர்ட் மேர்ட்டன்ஸும் பெரிய பாம்பு அறிஞர். வீட்டில் வளர்த்த, அதே மாதிரியான ஆபிரிக்க மரப்பாம்பு ஒன்று சாப்பாடு கொடுக்கும்போது கடித்து 1975இல் இறந்தார். எங்கள் பச்சைப் பாம்பு அவ்வளவு கொடியது அல்ல. ஆனால் பின்பல் என்றால் எல்லாம் விளையாட்டு என்று நினைக்கவும் கூடாது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகளில் சிலர் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஒரேயடியாக ஏசி அடக்குவது எங்கள் வழக்கம். அதைவிட, விபரத்தைச் சொல்லுங்கள். பூம்ஸ்லாங் போன்றவற்றை வைத்திருக்க 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். இலங்கையிலிருந்து அனுமதி இல்லாமல் ஊர்வன கொண்டுவருவது குற்றம். சட்டம் விடுகிற சாதுவான பாம்பு என்றாலும் அதன் சூடு, அதன் வெயில், அதன் சாப்பாடு எல்லாவற்றையும் பல வருடங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். முடியாது என்று பிள்ளையே சொன்னால் அதுவும் ஒரு படிப்பு.

இன்னொரு காரணம் எங்கள் வீட்டோடு சம்பந்தப்பட்டது. எங்கள் பிள்ளை ஒன்று வயிற்று நோயால் ஒரு வருடப் படிப்பை இழந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன மாதத்தில் அது வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தது. தொலைபேசியில் சுகம் விசாரித்தவர்கள் எல்லாரும் அடுத்ததாகக் கேட்டது, இனிப் படிப்பு எப்படி என்பதைத்தான். எங்களிடம் பதில் இருக்கவில்லை. நாங்களும் அதே கேள்வியோடுதான் இரவில் படுத்தோம். அந்த நாட்களில்தான் ஜோன் ப்ரொக்டரின் கதை எங்கள் கையில் கிடைத்தது. நோய் அவருக்கு நல்லது செய்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது அவரிடமிருந்து கேம்பிரிட்ஜைப் பறித்தது, கடைசியில் உயிரையும் பறித்தது. ஆனால் போகாத பல்கலைக்கழகத்தைவிட, செய்த வேலை பெரிதாக நின்றது. பிள்ளைக்கு எது வேண்டும் என்று கண்டு, அதற்கான சூட்டையும் வெளிச்சத்தையும் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்று அந்த வருடம் விளங்கிக்கொண்டோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சூடு சரிவராது.

அடுத்த விடுமுறைக்கு ரீஜன்ட்ஸ் பார்க் போனால், 1927இல் கட்டிய அந்தப் பழைய செங்கல் கட்டடத்தின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஹரி பொட்டர் படம் எடுத்த இடம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கட்டுவித்த பெண்ணின் பெயரை நீங்கள் சொல்லுங்கள்.